சிகரெட்டை விட்டபின் கை நடுக்கம், தூக்கமின்மை: காபியைக் கவனியுங்கள்

சிகரெட்டை விட்டபின் கை நடுங்குகிறது, தூக்கமும் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் காபியைப் பாதியாகக் குறையுங்கள். நடுக்கத்துக்காக ஒரே ஒரு சிகரெட் பிடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், தயவுசெய்து வேண்டாம். விட்டு பத்து நாள் ஆகிவிட்டது, கடினமான கட்டம் பெரும்பாலும் தாண்டியாச்சு.

நிகோடின் இல்லாத தவிப்பு ஒரு காரணம்தான். ஆனால் தினம் ஐந்து காபி என்றும் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதன்மேல்தான் சந்தேகம். சிகரெட் புகையில் உள்ள தார்ப் பொருள்கள், காஃபினைக் கரைக்கும் கல்லீரல் நொதியை வேகப்படுத்தி வைத்திருக்கும். புகை நின்றதும் சில நாளில் அந்த வேகம் இறங்கிவிடும். அதே ஐந்து காபி இப்போது ரத்தத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகத் தங்கும். படபடப்பு, நடுக்கம், இரவு இரண்டு மணிக்கும் கொட்டக் கொட்ட விழிப்பு, எல்லாம் அதனாலும் வரும்.

நான்கு நாள் இப்படிப் பாருங்கள்: காலையில் இரண்டு, மதியம் பாதி டம்ளர், அதற்குப்பின் டீயும் வேண்டாம். ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி பிடித்துக்கொள்ளும். தூக்கம் திரும்பினால் காபிக்கும் இதில் பங்கு இருந்திருக்கலாம்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். அப்புறம், தியோஃபிலின் (ஆஸ்துமா போன்ற மூச்சுத் தொல்லைக்கு), ஓலன்சபின், குளோசபின் (மனநலச் சிகிச்சைக்கு) மாதிரி மாத்திரை எடுப்பவரானால் சிகரெட்டை விட்டதை டாக்டரிடம் உடனே சொல்லுங்கள், அவற்றின் அளவும் ரத்தத்தில் ஏறும்.