ஊசி பயொப்சியில் 'ஏடிபிக்கல் டக்டல் ஹைப்பர்பிளேசியா': அக்காவுக்கு ஒப்பரேசன் தேவையா?

உங்கள் அக்காவின் மார்பில் ஊசியால் எடுத்த துண்டில் வந்திருக்கும் 'ஏடிபிக்கல் டக்டல் ஹைப்பர்பிளேசியா', அதாவது பால் குழாய்க் கலங்கள் ஒழுங்கு மாறிப் பெருகியிருப்பது, புற்றுநோய் இல்லை. மார்பு முழுவதையும் எடுக்க வேண்டியதும் இல்லை. ஆனால் அந்த இடத்தை மட்டும் எடுத்துப் பார்ப்போம் என்று டொக்டர் சொன்னதற்கு அக்கா ஓம் சொல்வதுதான் நல்லது.

"புற்றுநோய் இல்லையென்றால் ஏன் வெட்ட வேண்டும்" என்று கேட்டிருந்தீர்கள். பால் குழாய்க்குள் ஒழுங்கு மாறிய கலங்கள் ஏறக்குறைய 2 மில்லிமீற்றருக்குள் நின்றால் இந்தப் பெயர். அதைத் தாண்டினால் டிசிஐஎஸ், அதாவது குழாயை விட்டு வெளியே வராத ஆரம்பப் புற்று. ஊசியில் வருவதோ நூல் மாதிரிச் சில துண்டுகள். அதை வைத்து முழு அகலத்தை யாராலும் அளக்க முடியாது. எடுத்துப் பார்க்கும்போது சிலருக்குப் பக்கத்திலேயே டிசிஐஎஸ் இருக்கும்.

ரிப்போட்டை ஒருக்கால் பாருங்கள். மமோகிராமில், அதாவது மார்பக எக்ஸ்ரேயில், தெரிந்த கல்சியப் புள்ளிகள் ஊசித் துண்டிலும் இருந்ததாக எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் ஊசி இடம் தவறியிருக்கலாம், கட்டாயம் கேளுங்கள். தெல்லிப்பழை, மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிகளுக்கு இன்னொரு அபிப்பிராயம் கேட்கப் போனால் ரிப்போட் மட்டும் போதாது. ஊசித் துண்டு வைத்திருக்கும் கண்ணாடிச் சிலைட், மெழுகு பிளொக், மமோகிராம் படம் எல்லாம் வேண்டும்.

எடுத்த பிறகு டிசிஐஎஸ் என்று வந்தால் கதை மாறும், கதிர்ச் சிகிச்சையும் பேச்சுக்கு வரும். வராவிட்டாலும் பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட ஏறக்குறைய 4 மடங்கு, அதுவும் இரண்டு மார்பிலும். ஆகவே வருடாவருடம் மமோகிராம். அந்த வாய்ப்பைக் குறைக்கும் தமொக்சிபன் மாத்திரை பற்றியும் கேட்கலாம். அது இரத்தம் கட்டுவதைக் கூட்டலாம், ஆகவே முன்பு காலில் இரத்தக்கட்டி வந்திருந்தால் முதலே சொல்லிவிடுங்கள்.

"கத்தி பட்டால் பரவும்" என்று சொல்லும் மாமிமாரை விடுங்கள், அது வெறும் கதை.