படகை வைத்து ஏ.ஐ. படிப்பு வேண்டாம்

மண்டபத்திலிருந்து ஒரு அப்பா எழுதியிருக்கிறார். விசைப்படகு ஒன்றில் பாதிப் பங்கு அவருக்கு. மகள் தனியார் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கணிதப் பிரிவு, கட்-ஆஃப் 128. துபாயில் இருக்கும் தாய்மாமா தினமும் போன் போட்டு, "ஏ.ஐ. டேட்டா சயின்ஸ்ல சேத்து விடுங்க மச்சான், இனிமே அதுதான்" என்கிறாராம். சென்னைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் தருவதாகச் சொல்லி 25,000 ரூபாய் முன்பணம் கேட்கிறது. விடுதியோடு சேர்த்து ஆண்டுக்கு 2,10,000. மகளுக்கு இஷ்டமில்லை. வேறு என்ன படிக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லவும் தெரியவில்லை. "ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது, என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறார்.

அண்ணே, கவலைப்படாதீர்கள், எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று நான் எழுதினால் நீங்கள் அந்த முன்பணத்தைக் கட்டிவிடுவீர்கள். அதனால் நேராகவே சொல்கிறேன்: கட்டாதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். நான்கு ஆண்டுக்கு 8,40,000 ரூபாய். லேப்டாப், பயணம், சாப்பாடு, அரியர் தேர்வுக் கட்டணம் எல்லாம் இதற்கு மேலே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் உங்கள் படகு கடலுக்குப் போகாது. படகைக் கரையேற்றி மராமத்து பார்த்து, பெயின்ட் அடிக்கும் செலவும் அந்த இரண்டு மாதத்தில்தான் வரும். அது முடிகிற நேரத்தில் கல்லூரிக் கட்டணம் வந்து நிற்கும். நான்கு வருடமும் இப்படித்தான். நடுவில் ஒருமுறை படகு எல்லையில் பிடிபட்டுவிட்டால் என்ன ஆகும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். உங்கள் பங்கை அடமானம் வைக்கலாமா என்று கடிதத்தின் கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. குடும்பத்துக்கு வருமானம் தரும் ஒரே சொத்தை, பிள்ளையே விரும்பாத படிப்புக்காக வைக்கக் கூடாது.

மாமா கெட்டது நினைக்கவில்லை. ஏ.ஐ. வளர்கிறது என்பதும் உண்மைதான். ஆனால் பட்டத்தின் பெயரில் ஏ.ஐ. இருப்பதால் மட்டும் வேலை வந்துவிடாது. அந்தத் துறையில் நிலைக்க கணிதத்தில் ஆழமான பிடிப்பு வேண்டும், அதைச் சொல்லித்தரத் தெரிந்த ஆசிரியர்களும் வேண்டும். இயற்பியலில் தட்டுத்தடுமாறித் தேறிய பெண்ணை முதலாண்டு பொறியியல் கணிதத்திலும் இயற்பியலிலும் கொண்டுபோய் விட்டால், இரண்டாம் ஆண்டுக்குள் அரியர்கள் சேர்ந்துவிடும். அப்படி வந்து என் முன்னால் அழுத பிள்ளைகள் நிறைய.

நர்சிங், பி.எட்., வங்கித் தேர்வு பற்றியெல்லாம் உங்கள் ஊரிலேயே சொல்ல ஆள் உண்டு. நான் அதற்குள் போகவில்லை. உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருந்த ஒரு விஷயத்துக்கு வருகிறேன்.

மகள் லீவில் சித்தப்பாவின் மீன் கம்பெனியில் உட்கார்ந்து எடைச்சீட்டு எழுதினாள் என்றீர்கள். ராத்திரி கரைக்கு வரும் படகுகளின் பணம் மட்டும் ஏன் தாமதமாகப் பட்டுவாடா ஆகிறது என்று அவளே கேட்டு, அவளே கண்டுபிடித்தாளாம். ராத்திரி எடை போடும் ஆள் இருப்பதில்லை. ஏஜெண்ட் அட்டைப்பெட்டித் துண்டில் எடையை எழுதிக் கொடுப்பார். அது மறுநாள் மதியம்தான் கம்பெனிக்கு வரும். அதற்குள் அன்றைய விலை மாறிவிடும், எந்த விலை என்று தகராறு, பணம் நிற்கும். இதைக் கண்டுபிடிக்க அவள் ஒரு நோட்டில் சீட்டு எண், நடந்த வேலை, நடந்த நேரம் என்று மூன்று கட்டம் போட்டு எழுதி வைத்தாளாம்.

அண்ணே, அந்த மூன்று கட்டம்தான் ஒரு பெரிய மென்பொருள் துறையின் அடிப்படை. இதைப் பிராசஸ் மைனிங் என்கிறார்கள். ஒவ்வொரு விவகாரத்துக்கும் ஒரு எண், அதில் நடந்த செயல், நடந்த நேரம். இந்த மூன்றையும் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால், வேலை உண்மையில் எந்த வழியாகப் போனது, எங்கே தேங்கியது என்று படமாக வரைந்து காட்டிவிடும். நெதர்லாந்துக்காரர் வில் வான் டெர் ஆல்ஸ்ட் வளர்த்தெடுத்த துறை இது. ஜெர்மனியின் மியூனிக் நகரில் 2011-இல் தொடங்கிய செலோனிஸ் இதையே தொழிலாக வைத்துப் பெரிய நிறுவனமானது. உங்கள் மகளுக்கு இது யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்திருக்கிறது.

இதற்கு மேலே இருக்கும் பெரிய துறையின் பெயர் பிசினஸ் பிராசஸ் மேனேஜ்மெண்ட், சுருக்கமாக பி.பி.எம். ஒரு பில் வந்தால் யார் பார்க்க வேண்டும், யார் ஒப்புதல் தர வேண்டும், மூன்று நாளில் தராவிட்டால் யாருக்குத் தகவல் போக வேண்டும் என்பதையெல்லாம் மென்பொருளில் வரைந்து, அந்தப் படத்தின்படியே வேலையை ஓட்டுவது. வங்கிக் கடன் விண்ணப்பமும் மருத்துவக் காப்பீட்டு கிளெய்மும் பெரும்பாலும் இப்படித்தான் நகர்கின்றன. வரைவதற்கு பி.பி.எம்.என். என்று ஒரு குறியீட்டு முறை உண்டு. தொடக்கத்துக்கு வட்டம், வேலைக்கு மூலை மழுங்கிய கட்டம், "ஆமா, இல்லையா" என்று பிரியும் இடத்தில் சாய்சதுரம், ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனிப் பட்டை. அதன் 2.0 பதிப்பு 2011-இல் வந்தது, 2013-இல் ஐ.எஸ்.ஓ. தரமாகவும் ஆனது. பிரவுசரிலேயே இலவசமாக வரைந்து பழகலாம்.

இப்போது இந்தத் துறை வேகமாக மாறுகிறது. புரோகிராம் அதிகம் எழுதாமலே செயலி உருவாக்கும் லோ-கோடு கருவிகள் வந்துவிட்டன. சென்னையில் வளர்ந்த கிஸ்ஃப்ளோ, ஸோஹோ கிரியேட்டர் எல்லாம் அந்த வகை. பில்லின் படத்தைப் பார்த்துத் தொகையை எடுத்துத் தரும் வேலையை ஏ.ஐ. செய்கிறது. அடுத்து என்ன செய்யலாம் என்று தானே முடிவெடுக்கும் ஏ.ஐ. ஏஜெண்டுகளையும் நிறுவனங்கள் சோதித்துப் பார்க்கின்றன. படம் வரைவதும் மென்பொருளை ஓட்டுவதும் வருடாவருடம் எளிதாகிக்கொண்டே போகின்றன.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சித்தப்பா கம்பெனிக்கு ஒரு மென்பொருள் வாங்கி, எடைச்சீட்டு எண் இல்லாமல் மீன் வரவைப் பதியவே முடியாது என்று வைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரிப் படகு வருகிறது, சீட்டு இல்லை, மீனை ஐஸில் போட்டாக வேண்டும். கணக்கர் என்ன செய்வார்? ஏதோ ஒரு எண்ணைப் போட்டு உள்ளே தள்ளிவிடுவார். கம்ப்யூட்டர் எல்லாம் ஒழுங்காக நடப்பதாகக் காட்டும், பணம் அதே இடத்தில் நிற்கும். பெரிய நிறுவனங்களிலும் பி.பி.எம். திட்டங்கள் இப்படித்தான் கெட்டுப்போகின்றன. ஒரு திரையிலிருந்து இன்னொரு திரைக்குத் தகவலை எடுத்துப்போடும் ரோபோ மென்பொருள் பட்டன் இடம் மாறினாலே நின்றுவிடும். ஏ.ஐ. தப்பான தொகையை எடுத்தால் எந்த இடத்தில் மனிதர் பார்த்துத் தடுக்க வேண்டும் என்று யாராவது முன்னாலேயே தீர்மானித்திருக்க வேண்டும். இதற்கெல்லாம் வேலை நடக்கும் இடத்தில் நின்று பார்த்து, கேட்டு, எழுதத் தெரிந்த ஆள் தேவை. பிராசஸ் அனலிஸ்ட், பிசினஸ் அனலிஸ்ட் என்று அந்த வேலைக்குப் பெயர்.

உங்கள் கரைக்கும் இது தூரத்து விஷயம் இல்லை. ஐரோப்பாவுக்குப் போகும் கடல் மீனுக்கு 2010 முதல் பிடிப்புச் சான்றிதழ் கட்டாயம். 2026 ஜனவரி 10 முதல் அங்குள்ள இறக்குமதியாளர்கள் அதை "கேட்ச்" என்ற மின்னணு அமைப்பில்தான் பதிய வேண்டும். எந்தப் படகு, எப்போது, எவ்வளவு என்ற தகவல் கரையிலிருந்தே சுத்தமாகப் போனால்தான் கண்டெய்னர் நகரும். அட்டைப்பெட்டித் துண்டு அங்கே செல்லாது.

சரி, என்ன படிக்க வைப்பது? பி.சி.ஏ. படிக்க வையுங்கள். ராமநாதபுரம், கீழக்கரை, ராமேஸ்வரம் பக்கம் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் எந்தக் கலை அறிவியல் கல்லூரியில் இடம் இருக்கிறது என்று இந்த வாரமே விசாரியுங்கள். அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களில் முடியும். முதல் வருடம் எக்செல், டேலி இரண்டும் கை பழகட்டும். அப்புறம் எஸ்.க்யூ.எல். என்ற டேட்டாபேஸ் மொழி. டேட்டாபேஸில் இருக்கும் தகவலைத் தானே கேட்டு எடுக்கத் தெரியாதவர் இந்த வேலையில் முன்னேற முடியாது. மூன்றாம் வருடம் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஓடும் பி.எம்.4பை என்ற இலவச பிராசஸ் மைனிங் கருவியை வைத்து, சித்தப்பா கம்பெனியின் ஒரு வருடச் சீட்டுகளை அவளே ஆராய்ந்து பார்க்கட்டும். சித்தப்பா சம்மதித்தால், பெயர்களை எடுத்துவிட்டு, அந்த ஆய்வை நேர்முகத் தேர்வில் மேஜைமேல் வைக்கலாம். 60,000 ரூபாய் சான்றிதழ் வகுப்பு எதற்கும் இப்போது பணம் கட்டவேண்டாம்.

ஒரே கம்பெனியின் மென்பொருளை மட்டும் நம்பிப் படிக்கவும் வேண்டாம். காமுண்டா 7 என்ற பி.பி.எம். கருவியின் இலவசப் பதிப்பை நம்பி எத்தனையோ நிறுவனங்கள் வேலை ஓட்டின. 2025 அக்டோபரோடு அதன் கடைசி வெளியீடு வந்துவிட்டது. இப்போது அவர்கள் வேறு இடத்துக்கு மாறும் செலவில் இருக்கிறார்கள். குறியீட்டு முறை தெரிந்தவருக்குக் கருவி மாறினாலும் வேலை போகாது.

மறைக்காமல் ஒன்று சொல்ல வேண்டும். முதல் வேலை அனலிஸ்ட் என்ற பெயரில் கிடைப்பது கஷ்டம். சென்னையிலோ மதுரையிலோ பில் சரிபார்க்கும் வேலையில் தொடங்கி, இரண்டு மூன்று வருடம் அங்கே கண்ணைத் திறந்து வைத்திருந்து மேலே வர வேண்டியிருக்கும். அந்த ஆரம்ப வேலைகளையே ஏ.ஐ. குறைத்துக்கொண்டும் வருகிறது. அதனால்தான் சும்மா பட்டம் போதாது, கையில் ஒரு ஆய்வு வேண்டும் என்கிறேன். ஆங்கிலத்தில் தெளிவாக மெயில் எழுதவும் கற்றாக வேண்டும்.

முடிவெடுக்கும் முன் மகளிடம் ஒரு வேலை கொடுங்கள். பக்கத்தில் இருக்கும் ஐஸ் கம்பெனியிலோ டீசல் பங்கிலோ ஒரு வாரம் நின்று, அங்கே வேலை நகரும் விதத்தை அந்தக் குறியீட்டில் வரையட்டும். ஆசையாக உட்கார்ந்து வரைந்தால் வழி இதுதான். இரண்டு நாளில் சலித்துவிட்டால் இதையும் திணிக்காதீர்கள். மாமா திணித்த இடத்தில் நான் திணித்ததாக ஆகிவிடக் கூடாது, எனக்கு எழுதுங்கள், வேறு பார்ப்போம்.

மாமாவிடம் நீங்கள் வாதாட வேண்டாம். என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசுகிறேன். அவர் உண்மையிலேயே உதவ நினைத்தால் ஒரு நல்ல லேப்டாப் வாங்கித் தரட்டும். பி.சி.ஏ. முடித்தபின் எம்.சி.ஏ. படிக்கிறேன் என்று மகளே கேட்டு, நல்ல கல்லூரியில் இடமும் கிடைத்தால், அப்போது கல்விக்கடன் விண்ணப்பத்தை நானே உட்கார்ந்து நிரப்பித் தருகிறேன்.