லெவல் 100 ஆக்கியும் தோற்கிறேன். போகிமானுக்குப் போட்டிப் பயிற்சி கொடுப்பது எப்படி?

கேள்வி கேட்ட நண்பர் போகிமான் ஸ்கார்லெட் வீடியோ கேமில் கதையை முடித்துவிட்டார். ஆறு போகிமானையும் லெவல் 100க்குக் கொண்டுவந்துவிட்டார். ஆனாலும் ஆன்லைன் ரேங்க்டு டபுள்ஸில் (பக்கத்துக்கு இரண்டு போகிமான் மோதும் தரவரிசைப் போட்டி) இறங்கினால் சில டர்னிலேயே அணி காலியாகிவிடுகிறது என்கிறார்.

லெவல் இங்கே கைகொடுக்காது. ரேங்க்டு போட்டியில் எல்லாப் போகிமானையும் லெவல் 50 ஆகத்தான் கணக்கில் எடுப்பார்கள். உங்கள் 100ம் எதிராளியின் 50ம் அங்கே சமம். வித்தியாசம் வருவது ஐவி, நேச்சர், ஈவி என்ற மூன்றில்தான். முதல் இரண்டும் இன்று எளிது. ஐவி என்பது பிறவியிலேயே எச்பி (உயிர்ப்புள்ளி), தாக்குதல், வேகம் போன்ற ஒவ்வொரு திறனுக்கும் அமையும் 0 முதல் 31 வரையிலான எண். குறைவாக இருந்தால் மாண்டெனெவெரா ஊரில் பாட்டில் கேப் என்ற பொருளைக் கொடுத்து ஹைப்பர் டிரெயினிங் செய்தால் 31 போலவே வேலை செய்யும். லெவல் 50 ஆகியிருந்தாலே போதும். நேச்சர், அதாவது போகிமானின் சுபாவம், ஒரு திறனை 10 சதவீதம் கூட்டி, இன்னொன்றை 10 சதவீதம் குறைக்கும். அதன் பலனை மிண்ட் என்ற பொருளைக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். முன்பு நல்ல ஐவியும் நேச்சரும் உள்ள குஞ்சு கிடைக்கும்வரை மணிக்கணக்கில் போகிமான் முட்டைகளைக் குஞ்சு பொரிக்க வைத்துக்கொண்டிருப்பார்கள். 2016இல் ஹைப்பர் டிரெயினிங்கும் 2019இல் மிண்டும் வந்த பிறகு அந்தத் தேவை பெரும்பாலும் போய்விட்டது.

ஈவி, அதாவது பயிற்சியில் சேரும் புள்ளிகள்தான் உண்மையான பயிற்சி. ஒரு போகிமானுக்கு மொத்தம் 510 புள்ளிகள், ஒரே திறனில் அதிகபட்சம் 252. நீங்கள் தோற்கடிக்கும் ஒவ்வொரு எதிரியும் ஏதாவது ஒரு திறனில் புள்ளி தரும். கதை முழுக்கக் கண்டதையும் அடித்து வளர்ந்த உங்கள் அணியில் அந்த 510ம் ஏற்கெனவே கண்டபடி நிரம்பியிருக்கும். ஸ்டேட்டஸ் பக்கத்தில் எல் பட்டனை அழுத்தினால் வரைபடத்தில் பார்க்கலாம். நீங்கள் தோற்பதற்கு இது முக்கியக் காரணமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. முதலில் அதைக் காலி செய்யுங்கள். டமாட்டோ பெரி என்ற பழம் வேகத்தில் 10 குறைக்கும், பொமெக் எச்பியில் 10 குறைக்கும், மற்ற திறன்களுக்கும் ஒவ்வொரு பெரி உண்டு. டீல் மாஸ்க் என்ற கூடுதல் தொகுப்பை (டிஎல்சி) வைத்திருந்தால் ஃப்ரெஷ் ஸ்டார்ட் மோச்சி ஒன்றே எல்லாவற்றையும் துடைத்துவிடும்.

திரும்ப நிரப்புவது எளிது. காசு இருந்தால் வைட்டமின், ஒன்றுக்கு 10 புள்ளி. இல்லையென்றால் போகிமான் கையில் கொடுத்துவைக்கும் பவர் ஐட்டம். மேஜிகார்ப் என்ற போகிமானை அடித்தால் வேகத்தில் 1 புள்ளி கிடைக்கும். உங்கள் போகிமான் பவர் ஆங்க்லெட்டைப் பிடித்திருந்தால் கூடவே 8 சேரும். ஆக 28 மேஜிகார்ப் அடித்தால் கச்சிதமாக 252. அணியில் சும்மா நிற்கும் போகிமானுக்கும் இந்தப் புள்ளிகள் போய்ச் சேரும். அதனால் பயிற்சி தேவையில்லாததைப் பெட்டியில் வைத்துவிட்டுப் போங்கள்.

சரி, எதில் எவ்வளவு போடுவது? பலரும் தாக்குதலில் 252, வேகத்தில் 252, மிச்சம் 4 என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அது தப்பில்லை. ஆனால் அதில் பாதிப் புள்ளி பல நேரம் வீணாகிறது என்பது என் உறுதியான கருத்து. ஈவி போடும் முன் இரண்டு கேள்விக்குப் பதில் வேண்டும்: இது யாரை முந்த வேண்டும்? எந்த அடியைத் தாங்க வேண்டும்?

கோல்டெங்கோ என்ற போகிமானை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கார்லெட் வயலட் டபுள்ஸில் எல்லோரையும் பயமுறுத்திய ஃப்ளட்டர் மேனின் உச்ச வேகம், வேகம் கூட்டும் நேச்சரோடு, லெவல் 50இல் 205. கோல்டெங்கோவுக்கு வேகத்தில் ஒரு ஈவிகூடப் போடாவிட்டாலும் 31 ஐவியோடு 104 இருக்கும். பக்கத்தில் மர்க்ரோ என்ற போகிமான் டெயில்விண்ட் போட்டால் நான்கு டர்னுக்கு வேகம் இரட்டிப்பு, அதாவது 208. ஃப்ளட்டர் மேன் அடிக்கும் முன் நீங்கள் மேக் இட் ரெயின் தாக்குதலைப் போட்டுவிடலாம். ஸ்டீல் வகைத் தாக்குதல் என்பதால் அதன் மேல் இரண்டு மடங்கு விழும். இப்போது வேகத்தில் போட இருந்த 252ஐ எச்பியில் போட்டால் 162 எச்பி 194 ஆகிறது. முந்துவதும் நடந்தது, தாங்கும் சக்தியும் கூடியது. இதில் ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள்: ஃப்ளட்டர் மேன் பூஸ்டர் எனர்ஜி என்ற பொருளால் வேகத்தைக் கூட்டிக்கொண்டிருந்தால் இந்தக் கணக்கு நிற்காது.

கார்ச்சோம்ப்பில் இன்னும் நுணுக்கமான ஒரு கணக்கு உண்டு. வேகம் கூட்டும் ஜாலி நேச்சரும் வேகத்தில் 252 ஈவியும் கொடுத்தால் வேகம் 169. சாலமென்ஸ், வால்கரோனா போல அடிப்படை வேகம் 100 உள்ளவற்றின் உச்சம் 167. அவற்றை முந்த 168 போதும், அதற்கு 244 ஈவி போதும். மிச்சமாகும் 8ஐ ஏற்கெனவே மீதி இருந்த 4உடன் சேர்த்து எச்பியில் போட்டால் இரண்டு புள்ளி ஏறும். லெவல் 50இல் முதல் 4 ஈவிக்கு ஒரு புள்ளி, அப்புறம் ஒவ்வொரு 8க்கும் ஒரு புள்ளி என்பதுதான் இதற்கு அடிப்படை (ஐவி 31 இருந்தால்). ஆனால் எதிரில் முழு வேக கார்ச்சோம்ப் வந்தால் அது உங்களை முந்தும். அதற்குப் பயந்தால் 252 போடுங்கள். எது வேண்டும் என்று நீங்களே தெரிந்து முடிவு செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வேகத்தைக் குறைப்பதும் பயிற்சிதான். டிரிக் ரூம் போட்டால் ஐந்து டர்னுக்கு மெதுவானதே முதலில் அடிக்கும். டார்கோல் என்ற போகிமானுக்கு வேகத்தில் 0 ஐவியும் வேகம் குறைக்கும் குவையட் நேச்சரும் இருந்தால் வேகம் 22. அதே நேச்சரில் 31 ஐவி என்றால் 36. ஆகவே டிரிக் ரூமில் ஆடும் போகிமானுக்கு ஹைப்பர் டிரெயினிங் செய்யும்போது வேகத்தை மட்டும் தொடாமல் விட்டுவிடுங்கள்.

வேலை தெரிந்து வளர்த்தால் எதுவரை போகலாம் என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் பச்சிரிசு. 2014இல் வாஷிங்டனில் நடந்த உலகப் போட்டியை வென்ற தென் கொரியாவின் செ ஜுன் பார்க்கின் அணியில் இந்தச் சின்ன அணில் இருந்தது. தாக்குதல் பலம் சொல்லிக்கொள்ளும்படி இல்லாத போகிமான். ஆனால் அவர் அணியில் கியாரடோஸ் இருந்தது, அதற்கு மின்சாரம்தான் பெரிய எதிரி. பச்சிரிசு ஃபாலோ மீ போட்டு எதிராளியின் அடிகளைத் தன் பக்கம் இழுக்கும். வோல்ட் அப்சார்ப் என்ற சிறப்பியல்பு இருப்பதால் மின்சாரம் பட்டால் அதற்கு எச்பி ஏறும். யாரும் எடுக்காத ஒரு போகிமானுக்கு இவ்வளவு தெளிவான வேலை கண்டுபிடித்ததை இன்று பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

இன்னொன்று. கேமில் உழைக்கும் முன் போகிமான் ஷோடவுன் தளத்தில் அணியைச் சோதித்துப் பாருங்கள். இலவசம், நினைத்த ஈவியை உடனே போட்டு விளையாடலாம். கூடவே டேமேஜ் கால்குலேட்டரும் பாருங்கள். எந்த அடியும் 85 முதல் 100 சதவீதம் வரை 16 அளவுகளில் ஏதாவது ஒன்றாக விழும். பதினாறில் எத்தனை முறை உங்கள் போகிமான் பிழைக்கும் என்று அதில் தெரிந்துவிடும். பதினாறும் பிழைக்க இன்னும் 12 ஈவி போதும் என்று தெரிந்தால் அதைத் தயங்காமல் போடலாம்.

மென்பொருளில் தயாரித்து விற்கும் போகிமானை மட்டும் வாங்காதீர்கள். 2023இல் யோகோஹாமாவில் நடந்த உலகப் போட்டியில் சோதனையில் சிக்கிய சில ஆட்டக்காரர்கள் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள்.

ஆறையும் ஒரே மூச்சில் மாற்ற வேண்டாம். முதலில் கோல்டெங்கோ, மர்க்ரோ இரண்டையும் தயார் செய்து அவற்றையே முன்னால் நிறுத்தி ஆடுங்கள். டெயில்விண்ட் இருந்தும் யார் உங்களை முந்தினார்கள், எந்த அடியில் கோல்டெங்கோ விழுந்தது என்று ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பின்னும் எழுதி வையுங்கள். மூன்றாவது போகிமானுக்கு என்ன வேலை தருவது என்பதை அந்தக் குறிப்பிலிருந்து எடுங்கள்.