வழியில் நின்ற கேரவன்: எந்தப் பாதியில் பழுது?

கேள்வி: தண்டையார்பேட்டையைச் சேர்ந்த நண்பர்கள் ஐந்து பேர் கேரவன் வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஏலகிரி பார்த்துவிட்டு அங்கிருந்து ஏற்காடு போகலாம் என்று கிளம்பினோம். முதல் இரவு, ஆம்பூரைத் தாண்டியதும் வண்டிக்குள் விளக்குகள் மங்கின, ஃபிரிட்ஜ் நின்றது. காசிமேட்டில் வாங்கி மசாலா தடவி வைத்திருந்த வஞ்சிரம் கெட்டுப்போனது. சாலையோர மெக்கானிக் ஒருவர், பேட்டரி போய்விட்டது என்று சொல்லி 7,500 ரூபாய்க்குப் புதியது மாட்டினார். மறுநாளும் அதே நிலைமை. இருவர் திரும்பலாம் என்றார்கள். இருவர் போயே தீர வேண்டும் என்றார்கள். வாக்குவாதத்திலேயே அரை நாள் போய்விட்டது. பேட்டரிக்குக் கொடுத்த பணத்தைத் தர உரிமையாளர் மறுக்கிறார். பொங்கல் விடுமுறையில் மறுபடியும் போக விரும்புகிறோம். எப்படிச் சமாளிப்பது?

பதில்: விளக்கு மங்கியது, ஃபிரிட்ஜ் நின்றது என்று எழுதியிருக்கிறீர்கள். இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. விடை அதிலேயே இருக்கிறது. பெரும்பாலான கேரவன்களில் பேட்டரி இரண்டு. ஒன்று இன்ஜினைக் கிளப்புவதற்கு. மற்றொன்று வண்டிக்குள் குடித்தனம் நடத்துவதற்கு, அதை வீட்டுப் பேட்டரி என்று சொல்வோம்: விளக்கு, மின்விசிறி, தண்ணீர் பம்ப், ஃபிரிட்ஜ் எல்லாம் அதில்தான் ஓடும். மெக்கானிக் மாற்றியது முதலாவதை, தீர்ந்துபோனது இரண்டாவது. அவர் உங்களை ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. லாரியும் பஸ்ஸும் பார்த்துப் பழகியவர், பேட்டரி என்றதும் இன்ஜின் பக்கம்தான் போவார்.

ஆகவே, கேரவனில் எது கோளாறு ஆனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: பழுது ஓடும் பாதியிலா, வாழும் பாதியிலா? ஓடும் பாதியை நெடுஞ்சாலையில் எந்த லாரி மெக்கானிக்கும் நன்றாகப் பார்ப்பார். வாழும் பாதிக்கு அவர் ஆள் இல்லை. இன்வெர்ட்டர் பழுது பார்ப்பவர், ஃபிரிட்ஜ் மெக்கானிக், மோட்டார் பம்ப் கடைக்காரர் ஆகியோரில் ஒருவரை ஊருக்குள் போய்த்தான் தேட வேண்டும். அதுவரை வண்டி ஓடும். இந்த வேறுபாடு பிடிபட்டால் பாதிப் பதற்றம் அடங்கிவிடும்.

வாழும் பாதியைச் சோதிக்க, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று போதும். சில நூறு ரூபாய்தான், தயங்காமல் வாங்குங்கள். இன்ஜினை நிறுத்தி, சிறிது நேரம் எந்தச் சுவிட்சும் போடாமல் விட்டு, வீட்டுப் பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்துப் பாருங்கள். சாதாரண ஈய-அமில பேட்டரி என்றால் 12.6 வோல்ட் காட்டினால் நிறைவாக இருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் இனி அதிலிருந்து எடுக்கக் கூடாது. இப்போது இன்ஜினைக் கிளப்பி, முதலில் இன்ஜின் பேட்டரியில் வையுங்கள். 13.8-க்கும் 14.4-க்கும் இடையில் இருந்தால் இன்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. பிறகு வீட்டுப் பேட்டரியில் வையுங்கள். அங்கும் எண் ஏற வேண்டும். ஏறாமல் 12-லேயே நின்றால், இன்ஜினில் பிறக்கும் மின்சாரம் அதற்கு வந்து சேரவில்லை. இரண்டு பேட்டரிகளுக்கும் நடுவே உள்ள ரிலேயோ (தானாக இயங்கும் மின் சுவிட்ச்) ஃப்யூஸோ போயிருக்கும், அல்லது ஒரு முனை தளர்ந்திருக்கும். உங்கள் வண்டியிலும் இதுதான் நடந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. ஃப்யூஸ் என்றால் பேட்டரி விலையில் ஒரு சிறு பங்குதான் ஆகும். லித்தியம் பேட்டரிக்கு இந்த எண்கள் பொருந்தா. எந்த வகை என்பதை உரிமையாளரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பழுதே இல்லாமலும் பேட்டரி தீரலாம். 100 ஆம்பியர்-மணி கொள்ளளவு (1 ஆம்பியர் வீதம் 100 மணி நேரம்) கொண்ட ஈய-அமில பேட்டரியில் பாதியைத்தான் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஃபிரிட்ஜ், மின்விசிறி, ஐந்து செல்பேசிகள் சேர்ந்து சராசரியாக 5 ஆம்பியர் இழுத்தால் பத்து மணி நேரத்தில் அது முடிந்துவிடும். இரவு உணவுக்கு நிறுத்தி, காலையில் தாமதமாக எழுந்தால் கணக்கு சரியாகப் போய்விட்டது. மீனுக்கு ஐஸ் பெட்டியைத் தனியாக எடுத்துச் செல்லுங்கள்.

நீங்கள் இருக்கும் இடத்தில் ஒரு வசதி உண்டு. விசைப்படகுகளில் விளக்கு, வயர்லெஸ், ஜி.பி.எஸ். கருவிகளுக்கு வயரிங் செய்யும் எலக்ட்ரீஷியன்கள் காசிமேடு துறைமுகத்தைச் சுற்றி இருக்கிறார்கள். பேட்டரியில் ஓடும் வயரிங் அவர்களுக்கு அன்றாட வேலை. உரிமையாளரின் சம்மதத்துடன், கிளம்புவதற்கு முந்தைய நாள் மாலையே வண்டியை வாங்கி, அவர்களில் ஒருவரை ஒரு மணி நேரம் கூட்டி வந்து காட்டுங்கள். எதையும் மாற்ற வேண்டாம். எந்த ஃப்யூஸ் எதற்கு, ரிலே எங்கே என்று காட்டச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டால் போதும். அன்று இரவே ஃபிரிட்ஜ், பம்ப், அடுப்பு எல்லாவற்றையும் ஓட்டிப் பாருங்கள். எரிவாயு இணைப்பில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் அந்த அடுப்பு வேண்டாம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையில்தான் தேங்கும். வாசனை வந்தால் சிலிண்டரை மூடி, கதவை அகலத் திறந்து, எந்தச் சுவிட்சையும் தொடாமல் எல்லோரும் இறங்கிவிடுங்கள்.

ஓடும் பாதியில் பேரமே கூடாது. பிரேக் மிதி உள்ளே போகிறது, ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கிறது, வெப்பமானி முள் மேலே ஏறுகிறது, டயர் புடைத்திருக்கிறது: இவற்றில் எது நேர்ந்தாலும் பயணம் அங்கேயே நிற்க வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. எல்லோரும் தடுப்புக்கு அப்பால் போய் நின்றுகொண்டு 1033-ஐ அழையுங்கள். தேசிய நெடுஞ்சாலைக்கான உதவி எண் அது, 24 மணி நேரமும் இயங்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஆறு வருடத்துக்கு மேற்பட்ட டயருடன், 100 லிட்டர் தண்ணீரும் ஐந்து பேரும் சாமான்களுமாக ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை ஏற நான் சம்மதிக்க மாட்டேன். அந்தத் தண்ணீர் மட்டுமே 100 கிலோ.

அடுத்து, நண்பர்கள் விஷயம். உங்கள் அரை நாளைத் தின்றது பேட்டரி அல்ல. யார் முடிவெடுப்பது என்று முன்பே பேசாததுதான். வண்டி ஓடலாமா கூடாதா என்பதில் ஒருவர் சொல்லே இறுதி. ஸ்டீயரிங் பிடிப்பவருக்கே அந்த அதிகாரத்தைக் கொடுங்கள். எங்கே போவது என்பதில் எல்லோருக்கும் சம உரிமை. கூடவே ஒரு நேர வரம்பையும் வையுங்கள். மாலை 4 மணிக்குள் வண்டி சரியாகாவிட்டால் அன்று மலை ஏறுவதில்லை என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டால், சாலையோரத்தில் அதற்காக யாரும் குரலை உயர்த்த வேண்டியதில்லை.

மாற்றுத் திட்டம் என்றால் ‘திரும்புவது’ மட்டுமே என்று நினைப்பதால்தான் பாதிப் பேர் முரண்டு பிடிக்கிறார்கள். மலைக்குப் பதில் சமவெளியில் ஓர் இடத்தை முன்பே குறித்து வையுங்கள். ஆம்பூரில் நின்றவர்களுக்கு வேலூர்க் கோட்டை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கட்டாயம் திரும்ப வேண்டியவர்கள் ஜோலார்பேட்டையிலோ காட்பாடியிலோ ரயில் ஏறலாம். பெரம்பூரில் நிற்கும் ரயில்களும் உண்டு. குழு பிரிந்தால் நட்பு பிரிந்ததாக ஆகாது. நடுவழியில் ஊட்டி அல்லது கொடைக்கானல் பக்கம் திரும்பத் தோன்றினால், அங்கே 2024 மே மாதம் முதல் இ-பாஸ் கட்டாயம் என்பதை மறக்க வேண்டாம். மாநில எல்லையைத் தாண்டுவதாக இருந்தால் வண்டிக்கு அதற்கான அனுமதி இருக்கிறதா என்று கேட்ட பிறகே தாண்டுங்கள்.

வண்டியின் உயரத்தைத் தாளில் எழுதி ஸ்டீயரிங் அருகே ஒட்டுங்கள். வடசென்னையின் ரயில்வே சுரங்கப்பாதைகள் கேரவனுக்கு ஏற்றவை அல்ல. கன்டெய்னர் லாரிகள் நெரிக்கும் முன், விடியற்காலையில் மாதவரம் வழியாக பைபாஸைப் பிடித்து மதுரவாயலில் பெங்களூரு நெடுஞ்சாலைக்கு வந்துவிடுங்கள்.

பணத்துக்கு வருகிறேன். உரிமையாளரைக் கேட்காமல் பேட்டரியை மாற்றியது உங்கள் தரப்பின் பலவீனம். ஆனால் வாடகை வாங்கியவர் விளக்கும் ஃபிரிட்ஜும் ஓடும் வண்டியைத் தந்திருக்க வேண்டும். நீங்கள் வாங்கிய புதிய பேட்டரியும் அவர் வண்டியில்தான் இருக்கிறது. பில்லையும் படங்களையும் அனுப்பி, பேட்டரியின் பாதி விலையையும், வசதிகள் இயங்காத நாட்களுக்கு வாடகையில் ஒரு பங்கையும் எழுத்தில் கேளுங்கள். இனிமேல் எந்தப் பழுதானாலும் படம், மெக்கானிக் சொன்ன தொகை இரண்டையும் அனுப்பி, ‘சரி’ என்று எழுத்தில் பதில் வந்த பிறகே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். அவர் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். அதற்கும் பலனில்லை என்றால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான புகார்களுக்கு அங்கே கட்டணம் இல்லை.