சீட்டு மேசை: ரோபோ பார்ட்னரும் ஒரு ஸ்பேடும்

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு இணையத்தில் கான்ட்ராக்ட் பிரிட்ஜ் ஆடுகிறேன். பார்ட்னர் ரோபோ. தேசிய சேவையில் முகாமில் ஆடிய ஃபுளோட்டிங் பிரிட்ஜ்தான் எனக்கு அடிப்படை. அண்மையில் வந்த கை இது. ஸ்பேடில் ஏஸ், ராணி, 4. ஹார்ட்டில் ராஜா, ஜாக்கி, 9, 6, 3. டயமண்டில் ராஜா, ராணி, 5. கிளாவரில் ராணி, 2. நான் 1 ஹார்ட் கேட்டேன், ரோபோ 1 ஸ்பேட் என்றது. நல்ல கையாயிற்றே என்று 3 ஸ்பேடுக்குத் தாவினேன். அது 4 ஸ்பேட் போட்டது. பார்த்தால் அதனிடம் ஸ்பேடில் ஜாக்கி, 8, 5, 2 மட்டும்தான்! ஒரு பிடி குறைந்தது. மற்றவர்கள் 3 நோ டிரம்ப் (துருப்பு இல்லாத ஆட்டம்) ஆடி ஜெயித்திருக்கிறார்கள். ரோபோவுக்கு ஏலம் தெரியாதா?
— வாசகர், தோ பாயோ

பதில்: தெரியும் ஐயா. நீங்கள் சொன்னதை அது அப்படியே நம்பியது, அவ்வளவுதான். 3 ஸ்பேட் என்றால் "என்னிடம் நான்கு ஸ்பேட் இருக்கிறது" என்று பொருள். நான்கும் நான்கும் எட்டு, துருப்புக்குப் போதும் என்று அது கணக்குப் போட்டது. உங்களிடம் இருந்தது மூன்று.

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஆடவர் குழு பிரிட்ஜில் தங்கம் வாங்கியது நம் சிங்கப்பூர். ஆனாலும் பள்ளிக் கேன்டீனிலும் முகாமிலும் நம்மில் நிறையப் பேர் கற்றது ஃபுளோட்டிங்தான். அதில் ஏலம் எடுத்தவர் ஒரு சீட்டைச் சொல்லுவார். அது யாரிடம் இருக்கிறதோ அவரே பார்ட்னர். ஏலம் நடக்கும்போது பார்ட்னர் யாரென்றே தெரியாது, ஆகவே யாரிடம் என்ன சேதி சொல்ல? கை பெரிதா, எகிறு! அந்தத் தைரியம்தான் உங்களை 3 ஸ்பேடுக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. எனக்கும் அந்த ஆட்டம் பிடிக்கும். ஆனால் இங்கே ஒவ்வொரு கேட்பும் எதிரே இருப்பவருக்கு நீங்கள் எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம்.

இந்த ரோபோக்களில் பேர்பெற்றது ஜிப் (GIB) என்ற கணினி நிரல். மேத்யூ கின்ஸ்பர்க் எழுதியது. 1998இல் கணினிகளுக்கான உலக பிரிட்ஜ் போட்டியில் வென்றது. மற்றவர்கள் கேட்டதற்குப் பொருந்துகிற மாதிரி பல கைகளைக் கற்பனையாகப் பகிர்ந்து, எந்த முடிவு அதிகம் தேறுகிறது என்று பார்ப்பது அதன் வழி. உங்கள் வாக்குமூலத்தில் ஒரு ஸ்பேட் கூடுதலாக இருந்தால், அது பகிரும் அத்தனை கையிலும் அந்த ஸ்பேட் இருக்கும். மனிதப் பார்ட்னர் என்றால் "இவர் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவார்" என்று நாளடைவில் பழகிக்கொள்வார். ரோபோவிடம் அந்தச் சலுகை கிடையாது.

சரி, என்ன கேட்டிருக்க வேண்டும்? ஆரம்பத்திலேயே 1 நோ டிரம்ப். ஐந்து ஹார்ட் கையில் இருக்கும்போது நோ டிரம்பா என்று மனசு ஒப்பாது, தெரியும். ஆனால் ரோபோவின் முறையில் 1 நோ டிரம்புக்கு 15 முதல் 17 புள்ளி (ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக்கி 1), சமமாகப் பிரிந்த கை. 3-5-3-2, 17 புள்ளி: உங்கள் கையேதான். 1 ஹார்ட் கேட்டுவிட்டு அடுத்த சுற்றில் 1 நோ டிரம்ப் என்றால் 12 முதல் 14. 2 நோ டிரம்புக்குத் தாவினால் 18, 19. பதினேழுக்கு இடமே இல்லை! 1 நோ டிரம்ப் கேட்டிருந்தால் ரோபோ 2 கிளாவர் சொல்லி நான்கு சீட்டு ஹார்ட்டோ ஸ்பேடோ உண்டா என்று விசாரித்திருக்கும். நீங்கள் 2 ஹார்ட் என்பீர்கள். அது 3 நோ டிரம்ப் சொல்லும். ஸ்பேட் நான்கு இல்லாததால் நீங்கள் அங்கேயே பாஸ்.

1 ஹார்ட் வாயிலிருந்து வந்துவிட்டது என்றால்? நான் 2 நோ டிரம்ப் சொல்லியிருப்பேன். ஒரு புள்ளி கூட்டிச் சொன்னால் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளலாம். துருப்பில் ஒரு சீட்டைக் கூட்டிச் சொன்னால் ஆட்டம் முழுக்க அதற்கு வட்டி கட்ட வேண்டும்.

இன்னொன்று. நீங்கள் ஆடுவது, நம் கையே மேசையில் பெரிய கையாக வரும் வகை என்றால், ஸ்லாம் (13 பிடியில் 12 அல்லது 13ஐயும் எடுப்பதாகக் கேட்பது) ஆசைக்கு முன் ஒரு கூட்டல் போடுங்கள். மொத்தம் 40 புள்ளி. உங்களிடம் 16 என்றால் ரோபோவிடமும் 16க்கு மேல் இருக்க முடியாது. மீதி 24ஐ மூவர் பங்கிட்டால் ஆளுக்கு 8. நோ டிரம்ப் ஸ்லாமுக்குப் பொதுவாகச் சொல்லும் 33 எங்கிருந்து வரும்?

கேள்வி: எதிராளி 1 ஸ்பேட் கேட்டார். என்னிடம் ஸ்பேட் ஐந்து, நல்ல பெரிய சீட்டுகள். மாட்டினார், தோற்றால் அபராதம் கூடட்டும் என்று டபுள் சொன்னேன். என் ரோபோ 2 கிளாவருக்கு ஓடிவிட்டது. ஏன்?
— வாசகி, செங்காங்

பதில்: நீங்கள்தான் ஓடச் சொன்னீர்கள் அம்மா. அந்த இடத்தில் டபுள் என்றால் "ஸ்பேட் வேண்டாம், மற்ற மூன்றில் உனக்குப் பிடித்ததைச் சொல்" என்று பொருள். பாஸ் சொல்லிக் காத்திருங்கள். ரோபோ தன் முறையில் டபுள் சொன்னால் மறுபடி பாஸ். அப்போது உங்கள் ஐந்து ஸ்பேடும் வேலை செய்யும். சொல்லாவிட்டாலும் அவர்கள் 1 ஸ்பேடிலேயே திணறட்டும், நமக்கென்ன? அப்புறம், டபுளை உறுதி செய்யும் முன் திரையில் வரும் விளக்கத்தைப் படித்துவிடுங்கள். ரோபோ நம்புவது அதைத்தான்.