8கே என்று எழுதியிருந்தால் போதுமா? டிவி ஸ்டிக், பாக்ஸ் வாங்குவோர் கேள்விகள்

கேள்வி: எங்கள் வீட்டில் ஆறு வருடத்துக்கு முன்பு வாங்கிய 43 அங்குல 4கே டிவி இருக்கிறது. படம் இன்னும் நன்றாகத்தான் தெரிகிறது. ஆனால் அதில் இருக்கும் ஆப்கள் திறப்பதற்குள் பொறுமை போய்விடுகிறது. ஒரு ஆப் ‘இந்த டிவியில் இனி இயங்காது’ என்றே சொல்லிவிட்டது. பக்கத்துக் கடையில் ‘8கே, 8 ஜிபி ராம், எல்லா ஓடிடியும் இலவசம்’ என்று எழுதிய ஆண்ட்ராய்டு பாக்ஸை 2,500 ரூபாய்க்குத் தருகிறார்கள். என் மகனோ அதைப் போல இரண்டு மடங்கு விலையில், டிவியின் பின்னால் சொருகும் ஒரு ஸ்டிக்கைக் காட்டுகிறான். அதில் ராம் 2 ஜிபிதான். எதை வாங்குவது?
– வாசகர், திருச்சி

பதில்: மகன் சொல்வதைக் கேளுங்கள்.

டிவியை மாற்றாமல் ஒரு ஸ்டிக்கோடு முடித்துக்கொள்ள நினைத்தீர்களே, அது நல்ல முடிவு. திரை பத்து வருடம் உழைக்கும். உள்ளே இருக்கும் சிப்பும் மென்பொருளும்தான் சீக்கிரம் கிழடாகின்றன. ஆனால் அட்டைப்பெட்டி மேல் அச்சடித்த எண்ணை வைத்து ஸ்டிக்கையும் பாக்ஸையும் ஒப்பிடக் கூடாது.

நெட்ஃபிளிக்ஸ், பிரைம் வீடியோ, ஜியோஹாட்ஸ்டார் போன்றவை படத்தைப் பூட்டித்தான் அனுப்புகின்றன. அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி உங்கள் சாதனத்தில் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் உங்களுக்கு எவ்வளவு துல்லியமான படம் தருவது என்று அவர்கள் முடிவு செய்கிறார்கள். ஆண்ட்ராய்டு சாதனங்களில் இந்த வேலையைச் செய்வது கூகுளின் வைட்வைன். சாவி சிப்புக்குள்ளேயே தனிப் பாதுகாப்பில் இருந்தால் எல்1. வெறும் மென்பொருளாக இருந்தால் எல்3. எல்3 சாதனத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் 480பி படத்தைத்தான் தரும். 4கே திரையில் ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள் உண்டு. 480பி படத்தில் சுமார் 4 லட்சம். இருபதில் ஒரு பங்கை இழுத்து நிரப்பினால் முகமெல்லாம் மெழுகு பூசியதுபோலத் தெரியும். சிப் 8கே ஓட்டக்கூடியதாகவே இருக்கட்டும், சாவி இல்லையென்றால் அதற்கு வேலையே இல்லை. சாவியோடு நெட்ஃபிளிக்ஸ் தனியாக ஒரு சான்றும் கொடுக்க வேண்டும். பெயர் தெரியாத பாக்ஸ்கள் பெரும்பாலும் இரண்டும் இல்லாமல்தான் வருகின்றன.

‘எல்லா ஓடிடியும் இலவசம்’ என்ற வரியைப் பார்த்ததுமே கடையை விட்டு வந்திருக்கலாம். திருட்டு ஒளிபரப்பு என்பது ஒருபுறம். 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ இதே மாதிரி பாக்ஸ்களைப் பற்றி எச்சரிக்கை விட்டது. ‘பேட்பாக்ஸ் 2.0’ என்ற தீநிரல், பாக்ஸ் வாங்கும்போதே உள்ளே இருக்கிறது; இல்லையென்றால் முதல்முறை அமைக்கும்போது இறக்கச் சொல்லும் ஆப் வழியாக நுழைகிறது. அப்புறம் உங்கள் வீட்டு இணைய இணைப்பை ஊர்பேர் தெரியாத ஆட்கள் தங்கள் காரியத்துக்குப் பயன்படுத்துவார்கள். அவர்கள் செய்யும் மோசடிக்கு உங்கள் ஐபி முகவரி முகமூடி ஆகிவிடும். இலவசமாக எல்லாம் தருவதாகச் சொல்லும் பெயரில்லாத பாக்ஸ், தெரியாத ஆப் கடை, கூகுளின் பாதுகாப்புச் சோதனையான ‘பிளே புரொடெக்டை அணைத்துவிடு’ என்று கேட்பது ஆகியவற்றை எஃப்பிஐ சந்தேக அறிகுறிகளாகச் சொல்கிறது. உங்கள் கடைக்காரர் முதல் அறிகுறியை அட்டையிலேயே அச்சடித்து வைத்திருக்கிறார்.

கடையில் பார்த்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். பாக்ஸை டிவியில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். போன் திரைபோலச் சின்னச் சின்ன ஐகான்கள் வரிசையாக இருந்து, ரிமோட்டை அழுத்தினால் கணினி மவுஸ் அம்பு ஒன்று நகர்கிறதா? அது போனுக்கான ஆண்ட்ராய்டைப் பாக்ஸில் ஏற்றியது. உண்மையான ஆண்ட்ராய்டு டிவி, கூகுள் டிவி ஆகியவற்றில் அம்பு இருக்காது. கட்டம் கட்டமாகத் தாவும். நெட்ஃபிளிக்ஸ் கணக்கு இருந்தால் உள்ளே போய் ‘டெஸ்ட் பேட்டர்ன்ஸ்’ என்று தேடி ஓட விடுங்கள். எத்தனை புள்ளித் துல்லியத்தில், என்ன வேகத்தில் படம் வருகிறது என்பது திரையிலேயே எழுதிவரும். கடைக்காரர் எவ்வளவு பேசினாலும் அந்த எண் மாறாது.

வாங்குவதற்கு: அமேசான் ஃபயர் டிவி ஸ்டிக்கின் 4கே வகைகள், ஷாவ்மியின் 4கே ஸ்டிக் இரண்டும் உங்கள் தேவைக்குப் போதும். ஓடிடி பார்க்க 2 ஜிபி ராம் தாராளம். ஃபயர் டிவியில் ஒன்றைக் கவனியுங்கள். 2025 இறுதியில் வந்த ‘4கே செலக்ட்’ ஸ்டிக்கில் ஆண்ட்ராய்டு வழி மென்பொருள் இல்லை. வேகா என்ற அமேசானின் சொந்த மென்பொருள். வெளியிலிருந்து ஆண்ட்ராய்டு ஆப்களை ஏற்றிப் பழகியவர்களுக்கு அது ஒத்துவராது. மற்றவர்களுக்குப் பிரச்சினை இல்லை. கூகுளின் குரோம்காஸ்ட் இன்னும் சில கடைகளில் கிடைக்கிறது. 2024 ஆகஸ்டிலேயே அதன் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டார்கள், பழைய இருப்புக்குப் புது விலை கொடுக்காதீர்கள்.

கேள்வி: 4கே டிவி, 4கே ஸ்டிக், 100 எம்பிபிஎஸ் ஃபைபர் எல்லாம் இருக்கிறது. நெட்ஃபிளிக்ஸுக்கு மாதம் 499 ரூபாய் கட்டுகிறேன். யூடியூபில் 4கே வருகிறது. நெட்ஃபிளிக்ஸில் மட்டும் வரவே மாட்டேன் என்கிறது. ஸ்டிக்கை மாற்றித்தரக் கேட்கலாமா?
– வாசகி, மதுரை

பதில்: வேண்டாம், ஸ்டிக் மேல் குற்றமில்லை. 499 ரூபாய் திட்டம் 1080பி வரைதான். 4கே வேண்டுமென்றால் 649 ரூபாய் பிரீமியம். 199 ரூபாய் திட்டத்தில் 720பியோடு நின்றுவிடும். 43 அங்குலத் திரையில் பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்ப்பவர் என்றால் 1080பிக்கும் 4கேவுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பதே கஷ்டம். மாதம் 150 ரூபாய் கூடுதலாகக் கட்டுவதற்குமுன் அதை யோசியுங்கள். 55 அங்குலத்துக்கு மேல், எச்டிஆர் (வெளிச்சமும் இருட்டும் கூடுதல் நுணுக்கத்தோடு தெரியும் படம்) நன்றாக வரும் டிவி என்றால் கொடுக்கலாம்.

உங்களுக்கு யூடியூபில் 4கே வருவதால் கம்பி, போர்ட் எல்லாம் சரி. யூடியூபிலும் வராதவர்கள் டிவியின் எச்டிஎம்ஐ அமைப்பைப் பாருங்கள். சாம்சங்கில் ‘இன்புட் சிக்னல் பிளஸ்’, எல்ஜியில் ‘அல்ட்ரா எச்டி டீப் கலர்’ என்று இருக்கும். பழைய மாடல்களில் இது அணைந்தே கிடக்கும். ஸ்டிக் சொருகிய போர்ட்டுக்கு மட்டும் போட்டுவிட்டால் போதும். நடுவில் பழைய ஏவி ரிசீவர் (ஹோம் தியேட்டர் ஒலியை இயக்கும் பெட்டி) இருந்தால் அது எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்புப் பூட்டு தெரிந்ததாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓடிடி படம் 1080பிக்கு இறங்கிவிடும்.

இணைய வேகத்தைப் பற்றி எல்லோரும் அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறார்கள். நெட்ஃபிளிக்ஸ் 4கேவுக்குக் கேட்பது 15 எம்பிபிஎஸ், 1080பிக்கு 5. உங்கள் 100 அதற்கு ஏகப்பட்டது. சிக்கல் வருவது ரவுட்டருக்கும் டிவிக்கும் இடையில்தான். ஸ்டிக் டிவியின் முதுகில் ஒட்டிக்கொண்டு, சுவரோடு சுவராக இருக்கும். வைஃபை அதற்குள் நுழையத் திணறும். ஸ்டிக்கோடு வரும் குட்டி எச்டிஎம்ஐ நீட்டிப்பைத் தூக்கிப் போடாதீர்கள், அது ஸ்டிக்கைக் கொஞ்சம் வெளியே தள்ளி வைக்கத்தான் இருக்கிறது. வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸில் இணையுங்கள். மின்சாரத்துக்கு டிவியின் யுஎஸ்பியில் சொருகாமல் கூடவந்த அடாப்டரையே சுவரில் சொருகுங்கள். பல டிவிகளின் யுஎஸ்பி தரும் மின்சாரம் 4கே ஸ்டிக்குக்குப் பற்றாது. நடுப்படத்தில் ஸ்டிக் அணைந்து எழும்.

கேள்வி: ‘டால்பி அட்மாஸ்’ போட்ட சவுண்ட்பார் வாங்கினேன். ஸ்டிக்கிலும் அட்மாஸ் என்று இருக்கிறது. கடைப்பையன் வந்து ஆப்டிகல் கம்பியில் இணைத்துவிட்டுப் போனான். சத்தம் வருகிறது, ஆனால் சவுண்ட்பார் திரையில் அட்மாஸ் என்று ஒருநாளும் வந்ததில்லை.
– வாசகர், கோவை

பதில்: வராது. சுற்றிலுமிருந்தும் மேலிருந்தும் ஒலி வருவதுபோலக் கேட்கச் செய்யும் அட்மாஸ், ஓடிடியில் ‘டால்பி டிஜிட்டல் பிளஸ்’ என்ற ஒலி வடிவத்துக்குள் ஏறி வருகிறது. ஆப்டிகல் கம்பி அதைச் சுமக்காது. சாதா ஸ்டீரியோவும் பழைய டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் 5.1 ஒலியும்தான் அதில் போகும். கம்பியைப் பிடுங்கிவிட்டு, டிவியின் பின்னால், ஒலியை வெளியே அனுப்பும் ‘ஏஆர்சி’ என்று எழுதிய எச்டிஎம்ஐ துளையைத் தேடுங்கள். நாலு துளை இருந்தால் ஒன்றில் மட்டும்தான் எழுதியிருக்கும். அங்கிருந்து சவுண்ட்பாரின் ஏஆர்சி துளைக்கு ஒரு எச்டிஎம்ஐ கம்பி. ஸ்டிக் டிவியின் வேறு துளையில் இருக்கட்டும். அப்புறம் டிவியின் ஒலி அமைப்பில் ‘பிசிஎம்’ என்று இருப்பதைப் ‘பாஸ்த்ரூ’ அல்லது ‘ஆட்டோ’ ஆக்குங்கள். இந்தக் கடைசி வேலையைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். நெட்ஃபிளிக்ஸில் அட்மாஸும் 649 ரூபாய் திட்டத்துக்கு மட்டும்தான், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

‘ஈஏஆர்சி இல்லாமல் அட்மாஸ் வராது, டிவியை மாற்றுங்கள்’ என்று கடையில் சொல்வார்கள். ஓடிடிக்கு சாதா ஏஆர்சியே போதும். ஏஆர்சியின் மேம்பட்ட வகையான ஈஏஆர்சி தேவைப்படுவது புளூ-ரேவில் வரும் ட்ரூஎச்டி போன்ற, சுருக்கினாலும் தரம் இழக்காத ஒலிக்கு.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: சவுண்ட்பாரில் ‘டால்பி ஆடியோ’ என்று எழுதியிருந்தால் அது அட்மாஸ் இல்லை. இரண்டும் அடுத்தடுத்த அலமாரியில், ஏறக்குறைய ஒரே லோகோவோடு நிற்கும். ஆப்டிகல் மட்டுமே உள்ள பழைய ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. டிவியில் ஒலி வெளியீட்டை ‘டால்பி டிஜிட்டல்’ என்று வைத்தால் பெரும்பாலான டிவிகள் மாற்றி அனுப்பிவிடும். நல்ல 5.1 செட்டில் கேட்கும் பழைய டால்பி டிஜிட்டல், மலிவு அட்மாஸ் பாரைவிட எனக்குப் பிடிக்கும்.

கேள்வி: மகள் கல்யாண வீடியோவை 4கே என்று பென் டிரைவில் கொடுத்தார்கள். டிவியில் போட்டால் தாலி கட்டும் நேரத்தில் படம் நின்று நின்று ஓடுகிறது. இதற்காகவே ஒரு நல்ல மீடியா பிளேயர் வாங்கலாமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: கொஞ்சம் பொறுங்கள், காசில்லாமல் முடியலாம். அந்தக் கோப்பை ஒரு கணினியில் வைத்து விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் திறந்து, கோடெக் (படத்தைச் சுருக்கும் முறை) தகவலைப் பாருங்கள். பெரும்பாலும் ‘எச்.264’, 3840 × 2160, 50 ஃபிரேம் என்று இருக்கும். 4கே எச்.264 படத்தைப் பல டிவிகளும் ஸ்டிக்குகளும் நொடிக்கு 30 ஃபிரேம் வரைதான் ஓட்டும். அதற்குமேல் போனால் திணறல்தான். மேளமும் பூத்தூவலுமாக அசைவு அதிகமாக இருக்கும் இடத்தில் நொடிக்குப் படிக்க வேண்டிய தரவும் ஏறும், பென் டிரைவ் மலிவானதாக இருந்தால் அதுவும் ஈடுகொடுக்காது. வீடியோக்காரரிடம் ‘எச்.265-ல், 40 எம்பிபிஎஸ்ஸில் ஒரு பிரதி போட்டுக் கொடுங்கள்’ என்று கேளுங்கள். அவருக்கு ஒரு ராத்திரி கணினியை ஓடவிடும் வேலை. 4கே டிவிகளில் எச்.265 நொடிக்கு 60 ஃபிரேம் வரை சுலபமாக ஓடும். பென் டிரைவ் எக்ஸ்ஃபேட் வடிவில் இருக்கட்டும். ஃபேட்32 என்றால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது, கல்யாணம் துண்டு துண்டாக வரும்.

முதல் கோப்பை அழித்துவிடாமல் ஒரு ஹார்ட் டிஸ்கில் வையுங்கள்.

கேள்வி: ஆப்பிள் டிவி 4கே அவ்வளவு விலைக்குத் தகுமா? வீட்டில் யாரிடமும் ஐபோன் இல்லை.
– வாசகர், சேலம்

பதில்: ஐபோன் இல்லாத வீட்டில் அதை வாங்கச் சொல்ல எனக்கு மனசு வராது. 2022-ல் வந்த மாடலின் அறிமுக விலையே 14,900 ரூபாய். வேகம், விளம்பரத் தொல்லை இல்லாத முகப்பு, படத்தின் ஃபிரேம் வேகத்துக்குத் திரையை மாற்றிக்கொள்வது எல்லாம் அருமை. ஆனால் லேன் கம்பி சொருகும் வசதி 128 ஜிபி மாடலில் மட்டும்தான். ஃபைபர் நிறுவனம் இணைப்போடு கொடுத்த பெட்டி ஏற்கெனவே இருந்தால் முதலில் அதில் எத்தனை ஆப் ஒழுங்காக ஓடுகிறது என்று பாருங்கள். சொந்தப் பெட்டி இல்லை, இணைப்பை வெட்டினால் திருப்பிக் கொடுக்க வேண்டியது. ஆனாலும் பலருக்கு அதுவே போதும்.

கேள்வி: ஆன்லைனில் ‘4கே’ என்று போட்ட பாக்ஸ் வாங்கினேன். 1080பிக்கு மேல் போகவில்லை. விற்றவர் ‘திறந்துவிட்டீர்கள், திருப்பி எடுக்க முடியாது’ என்கிறார்.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: சொன்னது ஒன்று, தந்தது வேறு என்றால் திறந்தேன் திறக்கவில்லை என்ற பேச்சே கிடையாது. 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லாவிட்டால் விற்பவர் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது. விற்பனைப் பக்கம் மாறிவிடும்முன் ‘4கே’ என்ற வரி தெரிய அதைப் படம்பிடியுங்கள். பாக்ஸின் திரை அமைப்பில் 1080பியோடு நிற்பதையும் டிவியோடு சேர்த்துப் படம் எடுங்கள். டிவியின் எச்டிஎம்ஐ அமைப்பு சரியாக இருந்தது என்பதும் அந்தப் படத்தில் தெரியட்டும், இல்லையென்றால் ‘உங்கள் டிவிதான் கோளாறு’ என்பார். பில்லோடு சேர்த்து அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்வு சொல்ல வேண்டும். நகரவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இணைய வழியிலேயே மனு போடலாம், வக்கீல் கட்டாயமில்லை.

மனு எழுதும்முன் பாக்ஸைக் கவிழ்த்து, இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரையும் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். செட்டாப் பாக்ஸுக்கும் அடாப்டருக்கும் அது கட்டாயம். இல்லையென்றால் அதையும் ஒரு படம் எடுத்து மனுவோடு சேர்த்துவிடுங்கள்.