டோலோ போட்டுக்கொண்டு வரும் அண்ணன்

கேள்வி: சேலம் டவுனில் ஒரு மொத்த ஜவுளிக்கடையின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். ஒரே ஏசி அறையில் ஒன்பது பேர். தீபாவளி சீசன் என்பதால் யாரும் லீவு கேட்க முடியாது. பக்கத்து சீட் அண்ணன் காய்ச்சலோடும் இருமலோடும் வருகிறார். கேட்டால், ‘டோலோ போட்டுக்கிட்டேன், ஒண்ணுமில்லம்மா’ என்கிறார். ஒரே மாதத்தில் எனக்கு இரண்டு முறை சளிக்காய்ச்சல் வந்துவிட்டது. வீட்டில் மாமியாருக்கு 68 வயது, சர்க்கரை உண்டு. பையனுக்கு 3 வயது. அண்ணன் மனம் நோகாமல் நான் எப்படித் தப்பிப்பது? முன்கூட்டியே ஆன்டிபயாடிக் போட்டுக்கொள்ளலாமா? கஷாயம், வைட்டமின் சி மாத்திரை உதவுமா? மாமியார் என்னைத் தயிரையே தொடக் கூடாது என்கிறார்.
— வாசகி, அம்மாபேட்டை

பதில்: ஆன்டிபயாடிக் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். வேண்டாம். நீங்கள் சொல்லும் சளியும் காய்ச்சலும் பெரும்பாலும் வைரஸால் வருபவை. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்கான மருந்து. வைரஸை அது ஒன்றும் செய்யாது. வராத நோய்க்கு முன்கூட்டியே போட்டால் வயிற்றுப்போக்குதான் மிஞ்சும். நாளைக்கு நிஜமாகவே நிமோனியா வந்தால் அதே மருந்து கேட்காமலும் போகலாம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டவுடன் கொடுக்கிறார்கள் என்பதற்காக வாங்கிவிடாதீர்கள்.

இனி அண்ணனின் டோலோ. இந்த ஊரில் காய்ச்சலோடு வேலைக்குப் போகிற எல்லோரும் சொல்கிற வசனம் இது. என்னிடம் வரும் நோயாளிகளும் ‘மாத்திரை போட்டதும் விட்டுடுச்சு சார்’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். டோலோவில் இருக்கும் பாராசிட்டமால் உடம்புச் சூட்டை இறக்கும், வலியைக் குறைக்கும், அவ்வளவுதான். மூக்கிலும் தொண்டையிலும் இருக்கும் வைரஸ் அதே இடத்தில், அதே எண்ணிக்கையில் இருக்கும். சொல்லப்போனால் மாத்திரை போட்டு வருகிறவர்தான் அதிகம் பரப்புவார். சூடு தெரியாது, தெம்பாக இருக்கும், நாலு பேரோடு சிரித்துப் பேசிக்கொண்டு இருப்பார். மாத்திரை எதுவும் போடாமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லை என்றால்தான் வேலைக்குத் திரும்பலாம் என்பது கணக்கு.

ஆனால் அண்ணனை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். ஃப்ளூ காய்ச்சல் வந்தவர், அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரப்பத் தொடங்கிவிடுகிறார். அதற்குப் பிறகு ஐந்து முதல் ஏழு நாள் வரை பரப்புவார்; முதல் மூன்று நாள்தான் உச்சம். அவர் முதல் தும்மல் போட்ட அன்று காலை நீங்கள் முகக்கவசம் தேடிக்கொண்டிருந்தால், முந்தின நாளே நோயை வாங்கி முடித்திருப்பீர்கள். அதனால் யார் யாருக்கு இருமல் என்று கணக்கெடுப்பதை விடுங்கள். ஒன்பது பேர் இருக்கும் அறையில் சீசன் நேரத்தில் யாராவது ஒருவருக்கு எப்போதும் இருக்கும். கவனிக்க வேண்டியது அந்த அறையைத்தான்.

ஏசி போட்டால் காற்று சுத்தமாக வருகிறது என்று பலர் நம்புகிறார்கள். சுவரில் மாட்டியிருக்கும் ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதே இல்லை. அறையில் இருக்கும் காற்றையே இழுத்து, குளிர்வித்து, திரும்ப உங்கள் மேலேயே விடுகிறது. மாடியில் இருக்கும் பெட்டி வெளியே தள்ளுவது சூட்டை மட்டும்தான். குளிர் போய்விடும் என்று கதவையும் சன்னலையும் வேறு அடைத்து வைத்திருப்பீர்கள். ஆக ஒன்பது பேரும் நாள் முழுக்க ஒருவர் விட்ட மூச்சை ஒருவர் இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் அறையிலும் காலையில் சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றுவார்கள் அல்லவா? அந்த வாசம் எத்தனை மணி வரை நிற்கிறது என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். பத்து மணிக்கு ஏற்றியது மத்தியானம் சோற்று டப்பாவைத் திறக்கும்போதும் மணக்கிறது என்றால், பத்து மணிக்கு இருமியவரின் மூச்சும் ஏறக்குறைய அப்படித்தான் அறைக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். இருமலில் தெறிக்கும் பெரிய துளிகள் இரண்டு மீட்டருக்குள் விழுந்துவிடும். நுண்ணிய துளிகள்தான் புகை மாதிரி மிதக்கும். பக்கத்து சீட்டிலிருந்து நீங்கள் பத்து அடி தள்ளி உட்கார்ந்தாலும் முழுப் பலன் கிடைக்காததற்கு இதுதான் காரணம்.

ஏற்காடு போகிறவர்கள் என்னிடம் ஒரு புகார் சொல்வார்கள்: ‘மலைக்குப் போனாலே பனி ஒத்துக்கலை சார், சளி பிடிச்சுடுது.’ நான் கேட்பது ஒன்றுதான்: எதில் போனீர்கள்? மழையும் பனியும் இருக்கும் நாளில் பஸ்ஸில் எல்லாக் கண்ணாடியையும் சாத்திவிடுவார்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கும் வரை உள்ளே இருமல், தும்மல், பாதிப் பேருக்கு வாந்தி வேறு. பனி மேல் பழியைப் போட்டுவிட்டு இறங்கிவிடுகிறோம். வைரஸ் இல்லாமல் வெறும் குளிரால் சளி பிடிக்காது. குளிர் முக்கியமாகச் செய்வது நம்மை எல்லாம் சன்னலைச் சாத்த வைப்பதுதான். அதுவே வைரஸுக்குப் போதும்.

சரி, அறையை என்ன செய்வது? அக்டோபரில் சேலத்தில் சாயங்காலம் ஒரு மழை அடித்துவிட்டால் ஏசியே தேவைப்படாது. காலையில் கடை திறந்ததும் அரை மணி நேரமும், மழைக்குப் பிறகும் ஏசியை அணைத்து, எதிரெதிராக இருக்கும் கதவையும் சன்னலையும் திறந்து வையுங்கள். ஏசி ஓடும் நேரத்திலும் ஒரு சன்னல் நாலு விரற்கடை திறந்தே இருக்கட்டும். சன்னலே ஒன்றுதான் என்றால் அதில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போடச் சொல்லுங்கள். அதுவும் இல்லையென்றால் டேபிள் ஃபேனை சன்னலைப் பார்த்தபடி, காற்று வெளியே போகிற மாதிரி வைக்கலாம். கரண்ட் பில் ஏறும் என்று முதலாளி முணுமுணுப்பார். தீபாவளிக்கு முந்தின வாரம் மூன்று பேர் படுத்துவிட்டால் பில் போட ஆள் இருக்காது என்பதை அவருக்குப் பதமாக எடுத்துச் சொல்லுங்கள்.

ஊருக்கு உபதேசம் செய்கிற நானும் ரொம்ப வருடம் கன்சல்டிங் அறையை மூடி ஏசி போட்டுத்தான் நோயாளி பார்த்தேன். மழைக்காலம் தொடங்கினால் எனக்கும் மூக்கு ஒழுகத் தொடங்கும். கொரோனாவுக்குப் பிறகுதான் முதுகுப் பக்கச் சன்னலைத் திறந்து எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினேன். அதன் பிறகு சளி ரொம்பக் குறைந்தது. இதை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன், ஒரு ஆளின் அனுபவம்தான். ஆனால் ஃபேனை இனிக் கழற்ற மாட்டேன்.

அடுத்தது விரல். நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் நான் ஊகிக்கிறேன். கணக்குப் பிரிவில் ரூபாய் நோட்டு எண்ணுகிறவர்களும் பில் புத்தகம் புரட்டுகிறவர்களும் விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு ஈரமாக்குவார்கள். அண்ணன் அப்படி எண்ணிய கட்டு உங்கள் மேசைக்கு வரும். நீங்களும் அப்படியே எண்ணுவீர்கள். அவர் வாயிலிருந்து உங்கள் வாய்க்கு இதைவிடக் குறுக்கு வழி வேறில்லை. சளி மட்டுமல்ல, வயிற்றுப்போக்கும் இந்த வழியில் வரும். பேங்க் கேஷியர் மேசையில் ஈர ஸ்பாஞ்ச் வைத்த ஒரு சின்ன வட்ட டப்பா இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும். ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பொதுவாக ஒன்று வைத்தால் பழைய கதைதான். சாப்பிடும் முன்பும், விரல் ரேகை வைக்கும் வருகைப் பதிவு மெஷினைத் தொட்ட பிறகும் சோப்பு போட்டு 20 விநாடி கழுவுங்கள். நடுவில் மூக்கையும் கண்ணையும் தொடாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. சானிடைசர் பரவாயில்லை, ஆனால் சில வயிற்றுப்போக்குக் கிருமிகளிடம் அது அவ்வளவாகப் பலிக்காது, சோப்புதான் நல்லது.

தண்ணீர் விஷயத்தில் நம் பாட்டிகள் கெட்டிக்காரர்கள். உதடு படாமல் அண்ணாந்து குடிக்கும் பழக்கத்தை அலுவலகத்தில் மறுபடி கொண்டுவாருங்கள். பாட்டிலில் வாய் வைத்துத்தான் குடிப்பேன் என்கிறவர் தனி பாட்டில் வைத்துக்கொள்ளட்டும்.

முகக்கவசத்தை யார் போட்டால் அதிகப் பயன் என்றால், இருமுகிறவர் போட்டால்தான். அவர் போடாத நாளில் நீங்கள் என்95 போடுங்கள். மூக்குக்குக் கீழே தொங்கினால் அது அலங்காரம்தான். சாப்பிடும்போது எல்லோரும் கழற்றிவிடுவோம் என்பதால், அவர் இருமும் நாள்களில் மட்டும் டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போய்விடுங்கள்.

அண்ணனிடம் பேசுவது எப்படி? ‘நீங்க இருமுறதாலதான் எனக்கு வந்துச்சு’ என்று ஆரம்பித்தால் தகராறுதான். உங்கள் மாமியாரை முன்னால் நிறுத்துங்கள். ‘அண்ணா, வீட்டுல அத்தைக்கு சுகர், காய்ச்சல் வந்தா தாங்காது. ரெண்டு நாளைக்கு இந்த மாஸ்க்கைப் போட்டுக்கறீங்களா?’ என்று கையில் ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். வயதான பெண்ணுக்காக என்றால் நம் ஊரில் யாரும் முறைக்க மாட்டார்கள். அவரும் ஆசைப்பட்டு வரவில்லை. ஒரு நாள் சம்பளமும் சீசன் நேரத்துப் பேரும் போய்விடும் என்ற பயத்தில் வருகிறார்.

அந்தப் பயத்துக்கும் ஒரு வார்த்தை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இன்படி, கடையில் வேலை செய்கிறவருக்கு உடம்பு சரியில்லை என்றால் வருடத்துக்கு 12 நாள் வரை சம்பளத்துடன் விடுப்பு உண்டு. தற்செயல் விடுப்பு 12 நாள் அதற்குத் தனி. ஈஎஸ்ஐ பிடித்தம் இருக்கிறவர்களுக்குத் தகுதி இருந்தால் மருத்துவர் சான்றுடன், பொதுவாக மூன்றாம் நாளிலிருந்து 70 சதவீதச் சம்பளம் கிடைக்கும். நான் வக்கீல் இல்லை. ஆனால் சம்பளச் சீட்டைத் தயாரிக்கிற மேசையிலேயே நீங்கள் இருக்கிறீர்கள். சீசன் முடிந்தபின் முதலாளியின் நல்ல நேரம் பார்த்து, ஒன்பது பேரும் சேர்ந்து பேசுங்கள். தனியாகப் போகாதீர்கள்.

இத்தனையும் செய்தாலும் வருடத்தில் ஒரு முறையோ இரண்டு முறையோ உங்களுக்குச் சளி பிடிக்கத்தான் செய்யும். 3 வயதுப் பையன் இருக்கும் வீட்டில் எல்லாப் பழியையும் அலுவலகத்தின் மேல் போட முடியாது. உங்களுக்கு வருவதைவிட அது மாமியாருக்குப் போவதுதான் என் கவலை. உங்களுக்குத் தொண்டை கரகரத்த அன்றைக்கே தனியாகப் படுங்கள், மாமியார் இருக்கும் அறையில் மாஸ்க் போடுங்கள், சன்னல் திறந்திருக்கட்டும். அவருக்கு இன்சுலின் ஊசி இருந்தால் அதைப் போடும் வேலையும் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வேலையும் அந்த வாரம் உங்கள் கணவருடையது.

மாமியாருக்குக் காய்ச்சல் வந்தால் ‘மூணு நாள் பார்ப்போம்’ என்று இருக்காதீர்கள். ஃப்ளூவுக்கு மாத்திரை இருக்கிறது. 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். வயதானவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் அது தேவையா என்று உங்கள் டாக்டர்தான் முடிவு செய்வார், நீங்களாக வாங்க வேண்டாம். மூச்சு வாங்கினாலோ, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 94-க்குக் கீழே காட்டினாலோ, பேச்சு குழறினாலோ, தூங்கிக்கொண்டே இருந்தாலோ ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். காய்ச்சல் நாளில் சர்க்கரை தாறுமாறாக ஏறும்; அதையும் பாருங்கள்.

தடுப்பூசி உண்டு, ஃப்ளூவுக்கு மட்டும். சாதாரணச் சளிக்குக் கிடையாது. வருடத்துக்கு ஒரு முறை போட வேண்டும், வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையோடு ஃப்ளூவும் கூடும் என்பதால் இதுதான் நேரம். மாமியார், நீங்கள், பையன் மூவருமே போடலாம். பையனுக்கு முதல் முறை என்றால் நாலு வார இடைவெளியில் இரண்டு டோஸ். மாமியாருக்கு நிமோனியா தடுப்பூசி பற்றியும் கேளுங்கள்.

வைட்டமின் சி தினமும் போட்டாலும் சளி வருவது குறையாது. வந்தால் கொஞ்சம் சீக்கிரம் விடும். மாத்திரையைவிட நெல்லிக்காயும் கொய்யாவும் சுவையானவை. மிளகு, சுக்குக் கஷாயம் தொண்டைக்கு இதமாக இருக்கும், தாராளமாகக் குடியுங்கள். அதைக் குடித்துவிட்டேன், இனி அண்ணன் பக்கத்தில் உட்காரலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம்.

எல்லாக் காய்ச்சலுக்கும் பயப்பட வேண்டியதில்லை. டெங்கு வந்தவர் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டாது, கொசு வேண்டும். மெட்ராஸ் ஐ வந்தவர் கண்ணைப் பார்த்தால் வராது; அவர் கண்ணைக் கசக்கிய கையால் தொட்ட பேனாவை நீங்கள் தொட்டு, உங்கள் கண்ணைத் தொட்டால் வரும். ஆனால் அண்ணனின் இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டிவிட்டது என்றால் அதைச் சளி என்று விடாதீர்கள். டிபி இருக்கிறதா என்று சளிப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். நம் ஊர் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம்.

தயிர்? மதியம் சாப்பிடுங்கள். தயிரால் சளி பிடிப்பதில்லை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் சாப்பிட்டால் தொண்டை கரகரக்கிறது என்று தோன்றினால் கொஞ்ச நேரம் வெளியே வைத்துச் சாப்பிடுங்கள். மாமியாரிடம் டாக்டர் சொன்னார் என்று சொல்லுங்கள். நம்பவில்லை என்றால், தடுப்பூசிக்கு அழைத்துப் போகிற டாக்டரிடம் அவரையே கேட்கச் சொல்லுங்கள்.